லேபிள் உரித்த டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு உலகம் முடியப்போகிறது என்று காத்திருப்பவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சரி, கேட்டுவிட்டேன். நலமா?

மளிகை வண்டிக்காரர் இன்று உங்கள் மலைக்குச் சாமான் ஏற்றிப் போகிறார். அங்கே போன் கூடாது என்று, உலகம் முடிய நாள் குறித்த உங்கள் ஆடிட்டர் சொல்லிவிட்டதால் இனி நமக்கு அவர்தான் தபால்காரர். அவரிடம் உங்கள் கம்பளிச் சட்டையையும் சர்க்கரை மாத்திரைகளையும் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரைக்காகக் கோபப்படாதீர்கள். நீங்கள் போன பிறகு அலமாரியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை வரைக்கும் வேண்டியதை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டு, மீதி அட்டையை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். எதையும் வீணாக்கக் கூடாது என்கிற உங்கள் சுபாவம். கத்தரி வெட்டு அவ்வளவு நேராக இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வாசலில் பையோடு நின்று போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினீர்களே, அப்போது வராத அழுகை இந்த அட்டையைப் பார்த்ததும் வந்தது.

நம் பெண் விடுதியிலிருந்து பேசினாள். "அம்மா, புதன்கிழமை எனக்குப் பரீட்சை. அப்பா சொல்றது நிஜம்னா படிக்க வேண்டாம்ல? கேட்டுச் சொல்லேன்" என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஊரார் காதையெல்லாம் சோதிக்கிற வேலையில் இருக்கும் என்னிடம் அதை மறைக்க முடியுமா? நானும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

நீங்கள் பழுதுபார்த்து ஓட்டிவந்த கட்டடத்து லிஃப்ட், நீங்கள் போன மறுநாளே நின்றுவிட்டது. வேறொரு மெக்கானிக் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல யாரோ அவங்க இஷ்டத்துக்கு வயரை மாத்தி வெச்சிருக்காங்க, அவங்களையே கூப்பிடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். முதல் மாடித் தையல்காரம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க வீட்டுக்காரர் உலகத்தைக் காப்பாத்தறது இருக்கட்டும், முதல்ல இந்த லிஃப்டைக் காப்பாத்தச் சொல்லுங்க, என் முட்டி போச்சு" என்கிறார். முதல் மாடிக்கே இந்தப் புலம்பல். நான்காம் மாடிக்காரி நான் எங்கே போய்ச் சொல்ல?

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். நீங்கள் பின்அறையில் சேர்த்துவைத்த சாப்பாட்டு டப்பாக்களில் ஒன்றை நேற்று திறந்தேன். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனமில்லை. ஆனால் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? காகிதம் பூச்சியை இழுக்கும், கலவரம் வந்து யாராவது புகுந்தால் எது எங்கே என்று தெரியக் கூடாது என்று ஆடிட்டர் சொன்னாராம். நீங்கள் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து லேபிள்களை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, பெயிண்டால் புள்ளி வைத்தீர்கள். நீலம் இது, சிவப்பு அது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்தீர்கள். எனக்கு அது தேவைப்படாது என்று சொல்லி அறையைவிட்டுப் போய்விட்டேன். இப்போது தேவைப்படுகிறது. நீலப் புள்ளி ஒன்றைத் திறந்தேன். வெறும் தக்காளிச் சாறு. அதையே இரவுச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இருக்கிறது. போவேன். உங்களோடு வராததற்குக் காரணம் கேட்டீர்கள். உலகத்தின் கடைசி நாளாகவே இருந்தாலும் அதை முகம் தெரியாத நாற்பது பேரோடு அந்த மலையில் ஒரு பழைய விடுதி முற்றத்தில் கழிக்க எனக்கு இஷ்டமில்லை. நம் வீட்டில் என்றால் யோசித்திருப்பேன்.

மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

மேலே புதன்கிழமை என்று எழுதவே தயக்கமாக இருந்தது. குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிடுவீர்களோ என்று. தேதி போடாமல் கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

நேற்று நான்கு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் சோதனை அறை உங்களுக்குத் தெரியும். உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு. காது சோதிக்க வந்தவர் அதற்குள் ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து நான் சின்னச் சின்ன ஒலிகளை அனுப்புவேன். கேட்கும்போதெல்லாம் அவர் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நேற்று வந்தவர் வயதான பஸ் டிரைவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாதிச் சோதனையில் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது. நான்காக இன்னும் கொஞ்சம்தான். எனக்கு நம்பிக்கையில்லை என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஆனாலும் கை ஒலியை அனுப்ப மறந்து நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்தது. யாரோ படிக்கட்டில் பக்கெட்டை இழுத்தார்கள். முள் நான்கைத் தொட்டது, தாண்டியது.

அந்த நேரம் முழுவதும் கூண்டுக்குள் இருந்த பெரியவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் ஒன்றுமே அனுப்பவில்லை. என் முன்னே விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கண்ணை இறுக மூடி, அவ்வளவு கவனமாக, இல்லாத சத்தத்துக்கெல்லாம் அழுத்தினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "வந்திருக்கும், நாமதான் விட்டுட்டோம்னு தோணுச்சும்மா. விட்டுட்டா வண்டி ஓட்டத் தகுதியில்லைன்னு எழுதிடுவாங்களே, அந்தக் காலத்துப் பயம்" என்றார். இப்படி அழுத்துகிறவர்கள் தினமும் வருவார்கள். எரிச்சல் வரும். நேற்று வரவில்லை. உங்கள் ஞாபகம்தான் வந்தது.

திட்டுவதாக எண்ணாதீர்கள். விட்டுவிடுவோமோ என்று பயப்படுகிறவருக்குத்தான் அப்படிக் கேட்கும். நீங்கள் எதற்காகப் பயந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆடிட்டரைச் சந்திப்பதற்கு முன்பே, உங்கள் அம்மா காலமான மறுவாரமே, வீட்டுக்குள் பேட்டரிகள் வந்து இறங்கத் தொடங்கின.

நம் பெண் பரீட்சை எழுதிவிட்டாள். சுமார்தானாம். "அப்பாவை நம்பிப் படிக்காம விட்டுட்டேன்" என்று உங்கள்மேல் பழியைப் போடுகிறாள். வீட்டுக்கு வந்து நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

வந்துவிடுவீர்கள் அல்லவா? யார் என்ன கேட்பார்கள் என்று யோசிக்காதீர்கள். வெளியூர் வேலைக்குப் போயிருந்தார் என்று சொல்லிக்கொள்ளலாம். தையல்காரம்மா நம்ப மாட்டார். லிஃப்ட் ஓடினால் நம்பிவிடுவார்.

டப்பாக் கணக்கு: பச்சைப் புள்ளி பட்டாணி. சிவப்புப் புள்ளி என்றால் மீன். சிவப்பு இரண்டு வைத்தால் காளான், அது என்ன கணக்கோ! நேற்று உலகம் முடியாத இரவுக்குக் காளானும் பட்டாணியும் சாப்பிட்டேன்.

காத்திருக்கிறேன்.

உங்கள் மனைவி


சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் வரவில்லை. வண்டிக்காரர்தான் வந்து எல்லாம் சொன்னார்.

நான்கு மணிக்கு எல்லோரும் முற்றத்தில் கைகோத்து நின்றீர்களாம். ஐந்தானது, ஆறானது. பிறகு யாரோ ஒருவர் மெதுவாக, பாத்ரூம் போய்விட்டு வரலாமா என்று கேட்டாராம். அதோடு கைகள் விட்டுப்போயினவாம். மறுநாள் பாதிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். லீப் வருடங்களைக் கூட்ட மறந்துவிட்டேன், சரியான நாள் அடுத்த மாதக் கடைசி என்று ஆடிட்டர் அறிவித்தாராம். நம் பெண்ணிடம் சொன்னேன். "கணக்கு இடிச்சா ஆடிட்டர் வேற என்னம்மா பண்ணுவார், இன்னொரு தடவை கூட்டிப் பார்ப்பார்" என்றாள். அவளுக்கு உங்கள் வாய்.

நாளைக்குப் போகிற சாமானோடு கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். அதன்பின் வண்டி வரக் கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, கடிதமும் கிடையாது. ஆகவே இதுதான் உங்கள் கைக்கு வரும் கடைசிக் கடிதம். நாளை மதியம் வண்டி காலியாகத் திரும்பும்போது டிரைவர் பக்கத்து சீட்டில் இடம் இருக்கும். கேட்டுவிட்டேன். "சார் வந்தா கூட்டிட்டு வர்றேன்மா, வரலைன்னா நான் என்ன செய்யறது, கையைப் பிடிச்சா இழுக்க முடியும்?" என்றார். நியாயம்தான்.

நீங்கள் பதில் எழுதவில்லை. ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அனுப்பிய மாத்திரையின் காலி அட்டை. கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னீர்களாம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகும் மாத்திரை போட்டிருக்கிறீர்கள். அந்த வெற்று அட்டையைத் தூக்கிப்போட முடியவில்லை. மேசைமேல் கிடக்கிறது.

டப்பாக்களில் மேல்தட்டின் முன்வரிசை முடிந்துவிட்டது. வியாழக்கிழமை குனிந்து அடித்தட்டைப் பார்த்தேன். அங்கே புள்ளிகள் இல்லை. எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வளையம். ஒன்றைத் திறந்தேன். பாகில் ஊறிய பேரிக்காய். இன்னொன்றும் பேரிக்காய். மூன்றாவதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன், அதே சத்தம். சுவர்வரைக்கும் அடுக்கிவைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு இருக்கிற சர்க்கரைக்கு அதில் ஒரு துண்டைக்கூட நீங்கள் சாப்பிட முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு கடையில் ஆசையாக வாங்கி, டப்பாவோடு கரண்டி போட்டுத் தின்றவள் நான். கலவரம், வெள்ளம், இருட்டு என்று பயந்து பயந்து சேர்த்த அறையில், எதற்கும் உதவாத ஒரு தட்டு எனக்காக. நான் வர மாட்டேன் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் எனக்கே விட்டுவிட்டு ஒரு கம்பளிச் சட்டைகூட இல்லாமல் போயிருக்கிறீர்கள். அன்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வந்தபோது நின்று கேட்டிருந்தால் வெள்ளை வளையத்தையும் சொல்லியிருப்பீர்களோ? தெரியவில்லை. நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் படுகிறது.

இன்னொரு விஷயம். யாரிடமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் இந்தக் கட்டடத்தில் படியேறுகிறவர் நீங்கள் ஒருவர்தான். நாள் முழுக்க லிஃப்டோடு மல்லுக்கட்டுகிறேன், வீட்டுக்கு வரும்போதுமா என்பீர்கள். அதனால் படியில் கால் சத்தம் கேட்டாலே நான் தட்டை எடுத்துவைக்கப் போய்விடுவேன். இப்போது லிஃப்ட் இல்லை, ஊரே படியேறுகிறது. ஒவ்வொரு காலடிக்கும் எழுந்திருக்கிறேன். நேற்று சத்தமே இல்லை, ஆனாலும் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். காலிப் படிக்கட்டு, தையல் மிஷின் சத்தம், அவ்வளவுதான். நானும் அந்தப் பஸ் டிரைவர் மாதிரி ஆகிவிட்டேன்.

ஆனால் உங்கள் நடையை மட்டும் வேறு யாருடனும் நான் குழப்பிக்கொள்ள மாட்டேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்பீர்கள். கருவிப்பையைக் கை மாற்றுகிறேன் என்பீர்கள். சரி என்று நானும் தலையாட்டிவிடுவேன். இதுவரை நாம் பேசாததை இப்போது எழுதிவிடுகிறேன். அந்தப் புயலில் மூன்று நாள் கரண்ட் இல்லாமல், நீங்கள் கட்டிக்கொடுத்த பேட்டரியும் தீர்ந்து, அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றபோது, லிஃப்டும் நின்றிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கினோம். அந்தத் திருப்பத்தில் பிடியை மாற்ற நின்றோம். அங்கேதான் அம்மா தலையைச் சாய்த்தது.

நீங்கள் தினமும் அங்கே நிற்கிறீர்கள். இன்னும் ஒரு பேட்டரி இருந்திருந்தால் என்று கணக்குப் போடுகிறீர்கள். உலகம் அன்றைக்கு ஒருமுறை முடிந்துவிட்டது. தேதி சொல்லாமல் வந்தது. அதனால்தானோ என்னவோ தேதி சொல்கிற ஒருவர் உங்களுக்கு வேண்டியிருந்தார். எனக்கு ஆடிட்டர்மேல்கூடக் கோபமில்லை. ஆனால் அந்த நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தவள் நான். இது உங்களுக்கு மறந்துபோய்விட்டது.

தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆடிட்டர் சொல்லும் நாள் வரும்போது வரட்டும், நம் பின்அறையில் இருவருமாக உட்கார்ந்திருப்போம். நான் சிரிக்க மாட்டேன். நீங்கள் பட்டாணி, நான் பேரிக்காய்.

நாளை மதியத்திலிருந்து வாசல் கதவைத் தாழ்போடாமல் வைத்திருப்பேன். நாலு மாடி ஏறி வந்து எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டுமே என்று மலைக்காதீர்கள். அந்தத் திருப்பம்வரை வாருங்கள், போதும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எனக்குக் கேட்கும். மீதிப் படியை நான் இறங்கி வருகிறேன்.

மாத்திரை இந்தமுறை அனுப்பவில்லை. வீட்டில் இருக்கிறது.

உங்கள் மனைவி