நான் கடக்காத ஓடை

இன்று காலை மழை விட்டது. மூன்று வாரமாக ஊறிக்கிடந்த தோட்டத்து மண்சாலையில் யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் போனான். பெட்ரோல் புகையும் அழுகிய ரப்பர் இலையின் வாடையும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ஆபீசுக்குப் புறப்பட்டவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதியாவது வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நாம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். பாலோவுக்குப் பக்கத்தில் இதே ரப்பர் தோட்டத்தில் இருவரும் கணக்கெழுதும் கிராணிகள். சீமைக்குத் திரும்பிய துரையிடமிருந்து நீ அந்தப் பழைய வண்டியை வாங்கியபோது, கிராணிக்கு எதற்கு மோட்டார் சைக்கிள் என்று எல்லாரும் சிரித்தார்கள். ஒவ்வொரு தை மாதமும் மழை ஓய்ந்து செம்மண் இறுகத் தொடங்கியதுமே அதைக் காட்டுப் பாதையில் இறக்கிவிடுவாய். பின்னால் நான். சேற்றில் சக்கரம் வழுக்கும்போது, "விறைப்பா இருக்காதை. வண்டி சாயிற பக்கம் நீயும் சாய்" என்பாய்.

ஒரு தை மாதத்து முதல் பயணத்தில் நீ அதிகம் பேசவில்லை. பையில் எண்ணெய்த்துணி சுற்றிய வெள்ளைச் சட்டை இருந்தது. குளுவாங் தேவாலயத்தில் அன்று உனக்குக் கல்யாணம். பெண், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் மகள். அங்கே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வேதக்காரி. நம் வீடுகளில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். பாலோ ஸ்டேஷன் மாஸ்டர் உன் மாமா என்பதால் ரயிலிலும் போக முடியாது. உன் பக்கத்துச் சாட்சியாகக் கையெழுத்துப் போட நான் வந்துகொண்டிருந்தேன்.

பாதி வழியில் ஓடை குறுக்கிட்டது. மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. நீ இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்தாய்.

"முழங்காலுக்கு மேலே கொஞ்சம்தான். ரெண்டு பேருமாத் தள்ளினாக் கடந்திடலாம்."

"எனக்கு ஏலாது. தண்ணி இழுக்குது. இன்னொரு நாள் போவம்."

"இண்டைக்குத்தானே அவ வந்து நிக்கிறா."

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தனியாகவே வண்டியைத் தண்ணீருக்குள் தள்ளினாய்.

எனக்குத் தண்ணீர் பயமில்லை. அதைவிட மோசமான ஓடைகளை நாம் கடந்திருக்கிறோம். உன் மாமாவின் மகனுக்கு என் தங்கையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாட்சியாக என் பெயர் விழுந்தால் அந்தப் பேச்சு அன்றோடு நின்றிருக்கும். காலையில் உன் பின்னால் ஏறும்போதே அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஏறினேன். ஓடையைக் கண்டதும் ஒரு சாக்குக் கிடைத்தது.

நடு ஓடையில் வண்டி சரிந்தது. நீயும் கூடவே விழுந்தாய். நான் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. எப்படியோ நிமிர்த்தித் தள்ளி அக்கரை ஏற்றினாய். நான்கு முறை உதைத்தும் எஞ்சின் கிளம்பவில்லை. ஐந்தாவது முறை கிளம்பியது. திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாய். அந்தச் சத்தம் காட்டுக்குள் தேய்ந்து மறையும்வரை நின்றிருந்தேன்.

தேவாலயத்துத் தோட்டக்காரர் உனக்குச் சாட்சி போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் தங்கையின் கல்யாணமும் நல்லபடி நடந்தது. பந்தலில் உன் மாமா என் தோளைத் தட்டி, "நீயாவது ஒழுங்கான பிள்ளை" என்றார். நீ சிகாமட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டாய். எங்காவது கண்டால் தங்கையின் சுகம் கேட்பாய். ஓடையைப் பற்றி நீ கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று நானும் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். உன் வண்டியில் பிறகு நான் ஏறவே இல்லை. நீயும் கூப்பிடவில்லை.

துக்கம் கேட்க சிகாமட் வந்தபோது உன் மனைவி எனக்கு நாற்காலி போட்டாள். "உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்கண்ணே" என்றாள். "அன்னிக்கு ஓடையில கழுத்தளவு தண்ணியாம். நீங்க வந்தே தீருவேன்னு நின்னீங்களாம். இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தத் தங்கச்சிக்கு யாருன்னு, அவங்கதான் உங்களத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

தங்கச்சி என்ற சொல்லில்தான் எனக்குப் புரிந்தது. அப்படியானால் அன்று கரையில் என் முகத்தைப் பார்த்தபோதே உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கொண்டுவர உள்ளே போனாள். திரும்பி வந்து கொடுத்ததை வாங்கிக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

நீ எனக்காகச் சொன்ன பொய்யை அவள் உண்மையென்று வைத்திருக்கிறாள். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதில் வாழவும் முடியவில்லை. அன்று நடந்தது என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான்.