பாதி கமெண்ட் என்னோடது

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டி வலி குறைஞ்சுதா? நான் நல்லா இருக்கேன், கடுப்புதான் தாங்கல. நம்ம சீரியல் ரசிகர்கள் ஆன்லைன்ல போடற சண்டைதான் என் ஆராய்ச்சின்னு சொன்னேன்ல? ஆயிரம் கமெண்ட் அள்ளிட்டுப் போய் கைடுகிட்ட காட்டினேன்.

"இதுல பாதி ஒரே ஆள் எழுதினதும்மா. யாரு இந்த வில்லிபக்தை?"ன்னு கேட்டாங்க.

"நான்தான் மேடம்."

"தலைப்பு இருக்கட்டும், முறையை மாத்து. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ரசிகரையாவது உக்காரவெச்சுப் பேசு. இல்லைன்னா தலைப்பும் கிடையாது"ன்னுட்டாங்க.

பேச இங்க எனக்கு யாரைத் தெரியும்? பக்கத்து ரூம் பொண்ணு பேர்கூடத் தெரியாது. மேடம்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, வீடியோ கால் போதும்னு சம்மதம் வாங்கிட்டேன். டிவி முன்னாடி நின்னு வில்லியைத் திட்டற நீயும் ரசிகைதானே? வியாழக்கிழமை சாயங்காலம் போனை சார்ஜ் போட்டு வை. கேள்வி கொஞ்சம்தான், நீ மெதுவாவே பதில் சொல்லும்மா.

கிளாஸுக்கு ஓடறேன்.

உன் வில்லிபக்தை