லேசரை நேராக்கிவிட்டேன்

என்னங்க,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். மத்தியானம் என் தம்பி நம் ஏணியை எடுத்துப்போக வருவான். பின்வாசல் சாவி என் நூல் டப்பாவில் இருக்கிறது.

உங்கள் விளையாட்டுத் துப்பாக்கியை நேற்றுக் கோபத்தில் சோபாவிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டீர்கள். "எந்த நாட்டுக் கடைக்காரனோ உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான்" என்றதற்கா இவ்வளவு? குறி பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆர்டர் போட்டு, பார்சலுக்காக வாரக்கணக்கில் வாசலையே பார்த்துக் காத்திருந்து துப்பாக்கியில் மாட்டிய லேசர் ஒரு பக்கமும் பிளாஸ்டிக் குண்டு இன்னொரு பக்கமும் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

காலையில் நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். லேசரின் பக்கவாட்டில் இரண்டு பொடித் திருகுகள் இருக்கின்றன. பழைய அட்டையில் சாக்பீஸால் குறி போட்டுச் சுட்டுச் சுட்டுப் பார்த்து, மிஷின் ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். இப்போது பச்சைப் புள்ளி விழும் இடத்தில்தான் குண்டும் விழுகிறது. நாளெல்லாம் ஊசி இறங்கும் இடத்தையே பார்க்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சுடும் போட்டியில் தோற்றுவிட்டு வந்தால் இனி லேசர் மேல் பழி போட முடியாது, சொல்லிவிட்டேன்.

பி.கு: சோபாவுக்கு அடியில் குண்டுகள் உருண்டு கிடக்கும். வழுக்கி விழுந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. லேசரோடு வந்த குட்டி லைட்டைத் தேட வேண்டாம். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட அதைப் போல வெளிச்சம் கிடையாது, மிஷினில் மாட்டக் கொண்டுபோகிறேன். உங்களுக்கு வேறொன்று ஆர்டர் போடுங்கள். இந்தத் தடவை இரண்டு பேருமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.