பலகையில் இருந்த கிளிப்

3 மே 2025, சனி

பாலோ எஸ்டேட் திடல். காலை 7.40. செல்வராணி முதுகில் பாராமோட்டார் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு ஓடினாள். பதினோராவது அடியில் துணிச்சிறகு அவளைத் தூக்கியது. ஐம்பத்தெட்டு வயது. ஒவ்வொரு முறையும் அடிகளை எண்ணுகிறேன். முப்பத்தொரு வருஷம் நிருபராக இருந்தவனுக்கு, மனைவி பறக்கும்போது வேறென்ன செய்யத் தெரியும்?

தம்பி திமோத்தி தன் ரிமோட் விமானத்தைத் துடைத்தபடி, "அண்ணே, அண்ணி பறக்குறாங்களா, புல்லு வெட்டுறாங்களா?" என்றான்.

அவள் இறங்கியதும் அதைச் சொன்னேன். "பொம்மை ஓட்டுறவருக்கு என்ன தெரியும் லா," என்றாள்.

10 மே, சனி

எஸ்டேட்டிலிருந்து கடிதம். ஜூன் முதல் திடலுக்கு ஒரே சங்கம்தான் அனுமதி கேட்கலாம். இப்போதிருக்கும் இரண்டு சங்கங்களும் ஒன்றாகவேண்டும், இல்லையென்றால் ஒன்று வெளியேறவேண்டும். ரிமோட் ஆட்கள் 34. பாராமோட்டார் ஆட்கள் 9. செல்வராணிக்கு வேறு திடல் கிடையாது.

"சேர்ந்தா, நாங்க எப்ப பறக்கணும்னு அவங்க சொல்வாங்க," என்கிறாள்.

"கீழ நின்னு ஓட்டுறவனுக்கும் மேல தொங்குறவங்களுக்கும் என்ன ஒரே சங்கம்?" என்கிறான் தம்பி.

இருவருமே என்னைத்தான் பதில் கடிதம் எழுதச் சொல்கிறார்கள்.

11 மே, ஞாயிறு

திமோத்தி மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மீன் குழம்பு மிஞ்சிவிட்டது.

17 மே, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ரிமோட்காரர்களுக்கு ஒரு பழக்கம். விமானத்தை ஏற்றுமுன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பைப் பலகையில் மாட்டுவார்கள், இறக்கியதும் எடுப்பார்கள். இது எனக்கு இன்றுதான் தெரியும். இத்தனை நாள் அந்தப் பலகை எதற்கு என்று கேட்கவே இல்லை. நானெல்லாம் நிருபர்!

திமோத்தி கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். பலகையில் ஒரே கிளிப். செல்வராணி அதை எடுத்து, நனைந்த கையுறையை அதால் வேலியில் மாட்டிக் காயப்போட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ரிமோட் சங்கச் செயலாளர் சதாசிவத்திடம், "ஏறலாமா?" என்றாள். அவர் பலகையைப் பார்த்தார். "காலி. போங்க."

அவள் ஏறியபோது விமானம் நேரே வந்தது. பத்து மீட்டர்கூட இருக்காது. திமோத்தி அதைத் திருப்பிச் செம்பனை மரத்தில் மோதவிட்டான்.

எட்டு மாதம் உட்கார்ந்து கட்டிய விமானம். உடைந்த இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணி எறங்கிட்டாங்களா?" என்றுதான் கேட்டான்.

18 மே, ஞாயிறு

தேவாலயப் பூசையில் செல்வராணி ஒரு பாட்டும் பாடவில்லை. காரில் ஏறியதும், "நான்தான் எடுத்தேன்னு தெரிஞ்சா ஒன்பது பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க. நீங்க எழுதப்போறீங்களா?"

இரு சங்கங்களும் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்துக்குக் குறிப்பெடுப்பது நான்.

"நடந்ததை எழுதுவேன்."

அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ?

24 மே, சனி

சதாசிவம் எழுந்தார். "திமோத்தி கிளிப் மாட்டல. ஆறு மாசம் தடை. அதான் விதி."

"மாட்டுனேன்," என்றான் தம்பி. ஒரே ஒரு தடவை. யாரும் நம்பவில்லை.

என் பேனா நின்றுவிட்டது. அதற்குள் செல்வராணி எழுந்து, கைப்பையிலிருந்து அந்தக் கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தாள். "நான்தான் எடுத்தேன். பேரைக்கூடப் பாக்கல, சும்மா துணிக் கிளிப்னு நெனச்சு கையுறையைக் காயப்போட்டேன்."

பிறகு திமோத்தி, "அலமாக், அண்ணி! கையுறைக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "ஒரே சங்கமா இருந்திருந்தா மொத நாளே சொல்லிக்குடுத்திருப்போம். பக்கத்துல பறக்குறவங்களுக்கு நாமதான் சொல்லல."

வாக்கெடுப்பில், சங்கங்கள் இணைவதற்கு ஆதரவு 38, எதிர்ப்பு 5. செயற்குழுவில் இரு தரப்புக்கும் சம இடம். அதைக் கேட்டு வாங்கியது செல்வராணி.

25 மே, ஞாயிறு

திமோத்தி சாப்பிட வந்தான். குழம்பு மிஞ்சவில்லை.

14 ஜூன், சனி

பலகையில் புதுக் கிளிப் ஒன்று. திமோத்தியின் கையெழுத்தில் 'அண்ணி'. பதிவுப் பெயரைத்தான் எழுதவேண்டும் என்றார் சதாசிவம். யாரும் மாற்றவில்லை.

செல்வராணி அதை மாட்டிவிட்டு ஓடினாள். அடிகளை எண்ண மறந்துவிட்டேன்.

கொட்டகைப் பக்கம் யாரோ விமானத்தை ஏற்றப்போனார்கள். எழுபத்தொரு வயது சதாசிவம் பலகையைப் பார்த்துவிட்டுக் கத்தினார்:

"ஹோய், நில்லுங்க! அண்ணி மேல இருக்காங்க!"