ஐந்தாவதாக வந்த கேப்டன்

மார்க்கெட் நகர், மிச்சிகன்
மார்ச் 4, 2019

அன்புள்ள ஆர்லெட்டா,

கேப்டன் ஆகிவிட்டாயாமே! கேள்விப்பட்டதும் பனி வாரிக்கொண்டிருந்த மண்வாரியைப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஓய்வுபெற்று இங்கே வரும்வரை பத்தொன்பது வருஷம் ஒரே தீயணைப்பு வண்டியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான். என்னைவிட யாருக்குச் சந்தோஷம்?

ஆனால் மனதில் இருப்பதை மறைத்துப் பழக்கமில்லை. என் தங்கை மகன் கைல் கேப்டன் பதவிக்கான எழுத்துத் தேர்வில் முதலாவது. நீ ஐந்தாவது. முன்பெல்லாம் அந்த மார்க் மட்டும்தான் கணக்கு. கறுப்பர்களும் பெண்களும் மேலே வரவேண்டும் என்று நகராட்சி விதியை மாற்றியது, கைலுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. உன்னைச் சொல்லவில்லை, திட்டத்தைத்தான் சொல்கிறேன். தகுதிக்கு அப்புறம் என்ன மரியாதை?

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரோமன் டுடெக்


ஓஹையோ
மார்ச் 12

ரோமன்,

'அன்புள்ள' போட இன்று கை வரவில்லை.

விதி மாறியது உண்மைதான். எழுத்துத் தேர்வு இப்போது பாதி. மறுபாதிக்கு, எரிகிற மூன்று மாடிக் கட்டடத்தைத் திரையில் காட்டி, ரேடியோவைக் கையில் கொடுத்து, "நடத்து" என்றார்கள். அதில் நான் முதலாவது. கேப்டன் வேலை அதுதானே? பேப்பரில் வட்டம் நிரப்புவதா?

அந்தத் திட்டத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு. என் படத்தைப் பேருந்தின் பின்னால் ஒட்டி, "பன்முகமே நம் பலம்" என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அணைத்த ஒரு நெருப்பைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. என் தாடைக்கு நேர்கீழே புகைக்குழாய் வேறு. என் வீட்டுக்காரர் டரெல் சிரிக்கிறார்: "ஏம்மா, போஸ்டர்லயும் புகையிலதான் நிக்கிறியா!"

ஒரே ஒரு கேள்வி. நீ எப்படி வேலைக்குச் சேர்ந்தாய்? உள்ளதை எழுது. முடியாவிட்டால் என் பதவியேற்புக்கு வராதே.

ஆர்லெட்டா டாலிவர்


மார்க்கெட்
மார்ச் 21

அன்புள்ள ஆர்லெட்டா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

1983. என் பெரியப்பாவும் நிலையத் தலைவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போகிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா என்னைத் தலைவர் வீட்டுக்குக் கூட்டிப்போய், "நம்ம பையன்" என்றார். தலைவர் என் தோளைத் தட்டிப் பார்த்து, "திங்கக்கிழமை வந்துடுப்பா" என்றார். தேர்வா? அடுத்த மாதம், சீருடையோடு போய் எழுதினேன்!

அந்த வருஷம் சேர்ந்த இருபத்தாறு பேரில் ஒரு கறுப்பர்கூட இல்லை. யாரும் தகுதி என்ற பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதுவும் ஒரு திட்டம்தான், பெயர்தான் வைக்கவில்லை.

கைல் ஆறு மாதம் விடாமல் படித்தான். அவனுக்காக இன்னும் வலிக்கிறது. அந்த வலியை உன்மேல் இறக்கியது என் தப்பு. மன்னித்துவிடு. நான் வரலாமா?

ரோமன்


ஓஹையோ
மார்ச் 29

அன்புள்ள ரோமன்,

நேற்று கைல் நிலையத்துக்கு வந்தான்.

"கேப்டன், உங்க வண்டியில இடம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன்."

"நான் உன் இடத்தைப் புடுங்கிட்டேன்னு உங்க மாமா எழுதியிருக்காருப்பா."

அவன் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "அந்தத் திரைப் பரீட்சையில ரெண்டு பேரை மாடிக்கு அனுப்பிட்டேன், படிக்கட்டு எரியறதைப் பாக்கலை. நிஜ ஆளுங்க இல்லதான். ஆனாலும் செத்துட்டாங்களே. மாமாகிட்ட சொல்ல வாய் வரலை. உங்க ஆளுங்க எல்லாரும் உயிரோட வெளிய வந்தாங்களாமே... அதை நான் கத்துக்கணும்."

மனம் இளகிப்போய்விட்டது. சேர்த்துக்கொண்டேன். அடுத்த தேர்வுக்கு நானே தயார்செய்கிறேன். பாதியில் ஓடினால் உன்னிடம்தான் புகார் வரும்.

ஏப்ரல் 19, காலை பத்து மணி. சட்டையில் பேட்ஜ் குத்திவிட நமக்கு வேண்டிய ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். டரெலை நம்பமுடியாது, கல்யாணத்தன்று பூவைக் குத்துகிறேன் என்று என்னைக் குத்தியவர். நீ வந்து குத்து. கை நடுங்கினால் பார்த்துக்கொள்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே அதெல்லாம் கேட்கிற வழக்கமில்லை. இது உத்தரவு: வா.

கேப்டன் ஆர்லெட்டா டாலிவர்