பத்து மணிக்கு வரும் ஜின்

ஆகஸ்ட் 2, சனி

இன்றைய ஆன்லைன் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். பெக்கான் நானாஸ், சிம்பாங் ரெங்கம் ஊர்களிலிருந்து சிலர், மீதி இங்கே பொந்தியானிலேயே. எல்லோரையும் வீட்டு டிவி ரிமோட்டை எடுத்து வரச் சொல்லி, அதன் மூக்கைப் போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே பிடித்து அமுக்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் ஊதாவாக மினுங்கியது. பத்து வயது விஜிதா, "மிஸ், ரிமோட்டுக்குள்ள டிஸ்கோ லா" என்றாள். அந்த வெளிச்சம் சுவரில் பட்டும் திரும்பும், பளபளப்பான பாத்திரத்தில் பட்டால் இன்னும் நன்றாகத் திரும்பும் என்று காட்டினேன்.

'சிராப் பண்டுங்' என்று ரோஸ் பால் பெயரில் சேர்ந்திருக்கும் பிள்ளை இன்றும் கேமராவைத் திறக்கவில்லை. கேள்வி மட்டும் எழுதியது: டிவிக்கு நேரே நீட்டாமலே ரிமோட்டால் அணைக்க முடியுமா? புத்திசாலிப் பிள்ளை. பாராட்டினேன்.

வகுப்பு முடிந்து கீழே நம் சாப்பாட்டுக் கடைக்கு இறங்கினால் வாப்பா கல்லாவில் காத்திருக்கிறார். "சிங்கப்பூர் வேலய விட்டுட்டு பொட்டியப் பாத்து பேசிக்கிட்டிருக்க. செப்டம்பர் லீவு வரைக்கும் பாப்பேன் ஃபாயிஸா. அப்புறம் மாடி அரிசி மூட்டைக்கு."

மறுபடி விடியுமுன் எழுந்து, வேனில் தூங்கி வழிந்து, சிங்கப்பூர் பாலத்தில் வரிசையில் நிற்பதா? அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டா? என்னால முடியாது. முடியவே முடியாது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடை டிவியில் பந்து ஆட்டம் பார்க்கக் கூட்டம். ஜொகூர் அணி கோல் போடப் போகும் நேரத்தில் டிவி அணைந்தது. வாப்பா போட்டார். அணைந்தது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. மணி பத்து. கூட்டம் திட்டிக்கொண்டே எதிர்க் கடைக்குப் போய்விட்டது.

கடையில் தே தாரிக் டீ ஆற்றும் லெட்சுமணன் அண்ணன் குவளையைக் கீழே வைத்தார். "பாஸ், இது வயர் கோளாறு இல்ல. எங்க பக்கம் முனின்னு சொல்வோம், உங்க பக்கம் ஜின்னு சொல்வீங்க. ஆள் ஒண்ணுதான்."

ஆகஸ்ட் 6, புதன்

இன்றும். அதே பத்து மணி. ஜின்னுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரிகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டிவி ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி ஒரு ரொட்டி சானாய் தின்றுவிட்டுப் போனார். லெட்சுமணன் அண்ணன் டிவிக்குக் கீழே எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த வாப்பா அதை அவிழ்த்தார். அண்ணன் திரும்ப டிவிக்குப் பின்னால் கட்டியிருக்கிறார். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

இரவு பத்துக்கு எலுமிச்சையையும் மீறி டிவி அணைந்தது.

ஆகஸ்ட் 9, சனி

இன்று போய் வாப்பா மாடிக்கு வரணுமா? சரியாக நான் "ரிமோட் வெளிச்சம் முட்டித் திரும்பும்" என்று சொல்லும்போது கதவில் நிற்கிறார்.

"ஓ. ஜின்னுக்கு இங்கதான் டியூஷனா?"

பன்னிரண்டு பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது. நம் கடையில் சாப்பிட வரும் பிள்ளைகள் யாரோதான் செய்கிறார்கள் என்பது அவர் முடிவு. "ஆளக் கொண்டு வந்து நிறுத்து. இல்ல, அடுத்த சனிக்கிழமை கிளாஸ் கிடையாது."

செப்டம்பர் வரைக்கும்னு சொன்னவர்தானே? வாக்குன்னு ஒண்ணு இல்லையா?

பிள்ளைகளைக் கேட்டேன். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். விஜிதா மட்டும், "பெக்கான் நானாஸ்லேர்ந்து எட்டுமா மிஸ்?" என்று ஆசையாகக் கேட்டாள். சிராப் பண்டுங் ஒன்றும் எழுதாமல் வெளியேறிவிட்டது. அப்படியா சேதி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

கடை மூலையில் உட்கார்ந்து, முகத்துப் பவுடரைச் சரிபார்ப்பவள் போல செல்ஃபி கேமராவைத் திறந்து வைத்திருந்தேன். பத்து மணி. என் தோளுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலில் சாய்ந்திருந்த பிரியாணி தேக்சா மூடியில் ஊதா மினுக்கு. டிவி அணைந்தது.

உள்ளே ஓடினேன். மூடிக்குப் பக்கத்தில் உம்மா. கையில், பெருநாளுக்கு முன் காணாமல் போன பழைய ரிமோட்.

வெட்கமாவது ஒன்றாவது. "நல்லாத் தேய்ச்சு வச்சிருக்கேன்ல?" என்று மூடியைத் தட்டிக் காட்டினார்.

"உம்மா, இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஒன்கிட்டதான். சிராப் பண்டுங் யாருன்னு நெனச்ச?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒங்க வாப்பா காலப் பாத்தியா? வீங்கிக் கெடக்கு. சீக்கிரம் கடைய மூடுங்கன்னு டாக்டர் சொல்லியாச்சு, நானும் சொல்லியாச்சு. பந்து ஓடுற வரைக்கும் நிக்கிறாரு. கூட்டம் கலைஞ்சாத்தான் மனுசன் உக்காருவாரு."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என்னிடம் அவ்வளவு கேள்வி கேட்டது என் உம்மாவா.

ஆகஸ்ட் 14, வியாழன்

சொன்னால் வாப்பா மறுபடி நடுச்சாமம் வரை நிற்பார். சொல்லாவிட்டால் சனிக்கிழமை வகுப்பு இல்லை. ஆளைக் கொண்டு வந்து நிறுத்து என்கிறார். எந்த வாயால் சொல்வது, நீங்கள் கட்டிய ஆள்தான் என்று?

உம்மாவோ நிம்மதியாக வெங்காயம் உரிக்கிறார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று ஆட்டம் இல்லை, கடையில் கூட்டமும் இல்லை. பத்து மணிக்கு உம்மா ஒரு கையில் மூடியும் மறு கையில் ரிமோட்டுமாகக் கல்லாவுக்கே வந்தார். டிவிக்கு முதுகைக் காட்டி நின்று, மூடியைச் சாய்த்து, அமுக்கினார். அணைந்தது. மறுபடி அமுக்கினார். எரிந்தது. லெட்சுமணன் அண்ணன் கையிலிருந்த தேத்தண்ணி பாதி தரையில்.

"நீங்க தேடுன ஆளு நான்தாங்க. நம்ம மவ கிளாஸ்ல படிச்சது. அத மூடுனா எனக்குப் பாடம் யாரு சொல்லித் தருவா? ஒங்க கால்ல நிக்கிறது நீங்க, ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்குறது நான்."

வாப்பா மூடியை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சாய்க்கணும்?" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் வகுப்பு. பிரஷர் குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்று பார்த்தோம். சிராப் பண்டுங் கேமராவைத் திறந்தது. பிள்ளைகள் அரை மணி நேரம் சிரித்தார்கள். மாடிக்கு வர வேண்டிய அரிசி மூட்டைகளை வாப்பா படிக்கட்டுக்கு அடியில் அடுக்கச் சொல்லிவிட்டார்.

இரவு உம்மாவும் நானும் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். கீழே பந்து ஆட்டம், நல்ல கூட்டம். பத்து மணிக்கு டிவி அணைந்தது. நான் உம்மாவைப் பார்த்தேன். அவர் கையில் தலையணை உறை.

கீழே வாப்பாவின் குரல் சோகமாகக் கேட்டது: "என்ன செய்றது லா, ஜின் வந்துருச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."