மூங்கில் வெட்டிய பக்கம்

அன்புள்ள தம்பி புன்மாவுக்கு,

அண்ணி சமோன் எழுதுவது. நீங்களும் லமையும் திராட் ஊரில் உங்கள் மாமியார் வீட்டில் நலமாக இருப்பதாக மீன்காரி சொன்னாள். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனீர்களே என்று கோபித்துக்கொள்ளலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபித்துக்கொள்வேன்?

முதலில் உங்கள் மரங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். துரியான் பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. குளத்துத் தண்ணீரை உங்கள் பங்கு குறையாமல் நானே திறந்துவிடுகிறேன். லமையின் கோழிகளும் என்னிடம்தான் இருக்கின்றன. அந்தச் சிவப்புச் சேவலுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை.

அன்றைக்கு விகாரையில், பிக்குகளுக்குச் சோறு படைக்கும் இடத்தில், “எங்க மரமெல்லாம் வாடுது, இவனோடது மட்டும் பச்சப்பசேல்னு நிக்குது. ராத்திரி வால்வைத் திருப்பி எம்பங்குத் தண்ணியத் திருடுறான்!” என்று உங்கள் அண்ணன் கத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் கைகூப்பி வணங்கிவிட்டு எழுந்து போனீர்கள். குற்றமுள்ளவன் பேசவா போகிறான் என்று அதற்கும் ஒரு அர்த்தம் கட்டினேன், பாவி.

போன வாரம் எங்கள் மகள் பிம் விவசாயக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். இலை வழியாக ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் வெளியேறுகிறது என்று அளந்து வரச் சொல்லியிருந்தார்களாம். ஒரே அளவுள்ள இரண்டு துரியான் கன்றுகளை எடுத்து, மண்ணிலிருந்து ஈரம் போகாதபடி தொட்டிகளைத் தண்டுவரை பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினாள். காலையில் பழம் நிறுக்கும் தராசில் இரண்டையும் நிறுத்தாள். ஒன்றை உங்கள் மூங்கில் வரிசைக்குப் பின்னால் வைத்தாள். மற்றதை எங்கள் பக்கம், மூங்கிலை வெட்டிய இடத்தில் வைத்தாள். இரண்டுக்கும் ஒரே வெயில். சாயங்காலம் நிறுத்தால், எங்கள் பக்கத்துக் கன்று மற்றதைப்போல இரண்டு பங்கு எடை குறைந்திருந்தது.

“ஈரத்துணி காத்துல சீக்கிரம் காயுதில்லப்பா? இலையும் அப்படித்தான். மூங்கில் இருந்தவரைக்கும் காத்தைத் தடுத்துச்சு” என்றாள்.

உங்கள் அண்ணனாவது ஒத்துக்கொள்வதாவது! “தொட்டி ஓட்டையா இருக்கும்டி” என்று மறுநாள் தன் கையாலேயே தொட்டிகளை இடம் மாற்றி வைத்தார். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று பொழுது சாயும்வரை காவல் வேறு இருந்தார். இந்த முறை மற்றக் கன்றுதான் அதிகம் இளைத்திருந்தது. எங்கள் பக்கம் எது நின்றாலும் காய்கிறது. யாரும் தண்ணீரைத் திருடவில்லை, தம்பி. எங்கள் மரங்கள் காற்றுக்குக் கொடுத்துவிட்டன.

மூங்கிலை வெட்டாதே என்று நீங்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டீர்கள். “நாலு கன்னு கூட நடலாம், நீ உன் வேலையப் பாரு” என்றவர் இவர்தான்.

நேற்று விரத நாள். எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்று விகாரையில் அதே இடத்தில் எழுந்து நின்றார். “எந்தம்பி...” என்று தொடங்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நானே எழுந்து சொன்னேன். “கூடப்பொறந்தவனத் திருடன்னாங்க, இப்ப செடி வந்து சாட்சி சொல்லிச்சாக்கும்!” என்றாள் மிட்டாய்க் கடைக்காரி. சிரித்தார்கள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. எங்களுக்கு வேண்டியதுதான்.

வெட்டிய இடத்தில் புதிதாக மூங்கில் நட்டிருக்கிறார். அது வளர்ந்து காற்றைத் தடுக்க எத்தனை வருஷமோ! சோற்றில் கை வைத்ததும் எழுந்துவிடுகிறார். உங்களுக்கு எழுதுங்கள் என்று காகிதத்தை நீட்டினால், “என்னன்னு எழுத? அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலையே” என்கிறார்.

வாருங்கள், தம்பி. மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம், அதை நான் கேட்க மாட்டேன். வந்து அவரை வாய் வலிக்கத் திட்டுங்கள். திட்டி முடித்து நீங்கள் சாப்பிட உட்கார்ந்தால், அவரும் உட்காருவார்.

உங்கள் இருவரையும் புத்த பகவான் காக்கட்டும்.

தலை நிமிர முடியாமல்,
அண்ணி சமோன்